கறுப்புத் திரையில் ஆர்: சேமித்த வொர்க்ஸ்பேஸைத் திறக்கும் வழிகள்

சேலம், தர்மபுரி, ஓசூர்ப் பக்கமிருந்து புள்ளியியல் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். கல்லூரியில் ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியை ஆர்ஸ்டூடியோ என்ற மென்பொருளில் வைத்து வேலை பார்த்திருப்பார்கள். ஃபைலின் மேல் மவுஸை இரண்டு முறை அழுத்தினால் போதும், எல்லாம் திறந்துகொள்ளும். இங்கே எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வைட்ஃபீல்டிலோ போய் உட்கார்ந்தால் கையில் கிடைப்பது ஒரு லினக்ஸ் சர்வரின் லாகின். பட்டனும் இல்லை, மெனுவும் இல்லை. கறுப்புத் திரை மட்டும். "இதுவரை செய்ததெல்லாம் இந்த ஆர்டேட்டா ஃபைலில் இருக்கிறது, இதிலிருந்து தொடருங்கள்" என்பார்கள். ஆரில் உருவாக்கி வைத்த அட்டவணைகள், மதிப்புகள் எல்லாவற்றின் தொகுப்புதான் வொர்க்ஸ்பேஸ்; அதைச் சேமித்த ஃபைல்தான் ஆர்டேட்டா. எப்படித் திறப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. தவறான வொர்க்ஸ்பேஸ் திறந்திருந்தால் எரர் எதுவும் வராது. தவறான விடை மட்டும் வரும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஆருக்கு வேறு வேறு. மொழியின் பெயரான ஆர் எப்போதும் பெரிய எழுத்து. ஆர்டேட்டா என்பதில் ஆரின் எழுத்தும் டேட்டாவின் முதல் எழுத்தும் பெரியவை. லோட், சேவ், எல்எஸ் முழுக்கச் சின்ன எழுத்து. ட்ரூ முழுக்கப் பெரிய எழுத்து. எடுத்துக்காட்டுகளில் வரும் மழை, வார்டு போன்ற பெயர்களுக்கு உங்கள் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தத் திரையில் இருக்கிறோம்?

டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையில் இரண்டு நிலைகள் உண்டு. வரியின் தொடக்கத்தில் டாலர் குறி இருந்தால் நீங்கள் லினக்ஸிடம் பேசுகிறீர்கள். 'விடப் பெரியது' என்பதைக் காட்டும் > குறி இருந்தால் ஆரிடம் பேசுகிறீர்கள். ஆரைத் தொடங்கும் கட்டளைகள் எல்லாம் டாலர் வரியில். லோட், எல்எஸ் போன்றவை எல்லாம் > வரியில். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களில் பாதி, ஒன்றுக்குரியதை மற்றொன்றில் தட்டியதால் வருவதுதான்.

ஃபைல் பெயரைக் கூடவே கொடுத்தால் திறக்குமா?

திறக்காது. எல்லோரும் முதலில் முயல்வது இதைத்தான்:

$ ஆர் மழை.ஆர்டேட்டா

ஆர் தொடங்கும். ஆனால் அந்த ஃபைல் பெயரை இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே 'இக்னோர்ட்' என்று போட்டு ஒரு வரி காட்டிவிட்டுப் போய்விடும். வரவேற்புச் செய்தி பத்துப் பதினைந்து வரி ஓடுவதால் அந்த ஒரு வரி கண்ணில் படுவதில்லை. "அண்ணா, ஃபைல் அதே ஃபோல்டர்லதான் இருக்கு, ஆனா உள்ள ஒண்ணுமே காணோம்" என்று புதுப் பையன்கள் கேட்கும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். லினக்ஸிலும் மேக்கிலும் ஆர் தன் பெயருக்குப் பின்னால் வரும் வெறும் ஃபைல் பெயரைப் பொருட்படுத்தாது.

நேரான வழி, ஆரைத் தொடங்கிவிட்டு உள்ளே போய்த் திறப்பது:

$ ஆர் --நோ-ரெஸ்டோர்
> லோட்("மழை.ஆர்டேட்டா", வெர்போஸ் = ட்ரூ)

வெர்போஸ் என்பதை விடாமல் எழுதுங்கள். அது இருந்தால் எந்தெந்த ஆப்ஜெக்ட் (பெயரிட்டு வைத்த அட்டவணை, எண் போன்றவை) உள்ளே வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். இல்லாவிட்டால் லோட் ஒரு வார்த்தை பேசாது. வந்ததா, எது வந்தது என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். பிறகு எல்எஸ்() தட்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் காட்டாது, அவையும் வேண்டுமானால் எல்எஸ்(ஆல்.நேம்ஸ் = ட்ரூ).

ஃபைலைக் காணோம் என்று எரர் வந்தால் கெட்டபிள்யூடி() தட்டி எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து ஆரைத் தொடங்கினீர்களோ அதுதான் ஆரின் ஃபோல்டர். ஃபைல் வேறிடத்தில் இருந்தால் முழுப் பாதையையும் கொடுங்கள்.

தானாகத் திறந்துகொள்ளும் ஃபைல்

மேலே நோ-ரெஸ்டோர் என்று போட்டேனே, காரணம் இருக்கிறது. ஒரு ஃபோல்டரிலிருந்து ஆரைத் தொடங்கும்போது, பெயரே இல்லாமல் வெறும் '.ஆர்டேட்டா' என்ற ஃபைல் அங்கே இருந்தால், ஆர் அதைக் கேட்காமலே திறந்துவிடும். பழைய வொர்க்ஸ்பேஸை மீட்டுவிட்டேன் என்று சதுர அடைப்புக்குள் ஒரு வரி மட்டும் காட்டும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரண எல்எஸ் கட்டளையில் லினக்ஸும் அதைக் காட்டாது. எல்எஸ் -ஏ போட்டால்தான் தெரியும்.

அந்த ஃபைல் எங்கிருந்து வருகிறது? க்யூ() தட்டி வெளியே வரும்போது, வொர்க்ஸ்பேஸைச் சேமிக்கட்டுமா என்று ஆர் கேட்கும். ஒய் என்று தட்டினால் அந்த ஃபோல்டரில் இந்த ஃபைல் உருவாகும். சேவ்.இமேஜ்() கட்டளை செய்வதும் இதையேதான்.

இந்தப் பழக்கம் ஆரோடு பிறந்ததல்ல. ஆருக்கு மூத்தது எஸ் மொழி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவர் சகாக்களும் 1976-இல் அதைத் தொடங்கினார்கள். எஸ்ஸில் உருவாக்கிய ஆப்ஜெக்ட்கள் வட்டிலேயே தங்கின; மறுநாள் வந்தாலும் அப்படியே இருக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. மூடினால் போய்விடும். அதனால்தான் போகும்போது கேட்பதும் வரும்போது மீட்பதும். 2000 பிப்ரவரி 29 அன்று ஆர் 1.0.0 வந்தது, அந்தக் கேள்வி இன்றும் மாறவில்லை.

தனியாக ஒரு மடிக்கணினியில் ஒரே வேலையைச் செய்பவருக்கு இது வசதிதான். பலர் புழங்கும் சர்வரில், மாதக்கணக்கில் ஓடும் வேலையில், இது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. பெங்களூர்க் கணக்கிலேயே சொல்கிறேன். மாநகராட்சிக்கு நீண்ட காலம் 198 வார்டுகள் இருந்தன. 2023-இல் எல்லைகளை மாற்றி 225 ஆக்கினார்கள். 2025-இல் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். வார்டுவாரியாக மழை அளவைக் கணக்கிடும் ஃபோல்டர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய .ஆர்டேட்டாவுக்குள் வார்டு என்ற பெயரில் 198 வரி அட்டவணை கிடக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டில் புதிய அட்டவணையைப் படிக்கும் வரி ஒன்று விட்டுப்போகிறது. ஆர் எரர் தராது. வார்டு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதே! பழைய எல்லைப்படி கணக்குப் போட்டு அழகான படமும் வரைந்து கொடுத்துவிடும். பொம்மனஹள்ளியில் பெய்த மழை எந்த வார்டின் கணக்கில் போய் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. தானாகத் திறக்கும் ஃபைல் இல்லாமலிருந்தால், வார்டு என்ற ஆப்ஜெக்ட் இல்லை என்று முதல் நிமிடத்திலேயே எரர் வந்திருக்கும். அந்த எரர்தான் நமக்கு வேண்டியது.

ஆகவே தொடங்கும்போது ஆர் --நோ-ரெஸ்டோர். வெளியே வரும்போது க்யூ("நோ"). வேண்டியதைப் பெயர் சொல்லிச் சேமியுங்கள், பெயர் சொல்லித் திறவுங்கள். ஆர்ஸ்டூடியோவில் வேலை செய்தால் டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ் போய், தொடங்கும்போது .ஆர்டேட்டாவை மீட்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். வெளியேறும்போது சேமிப்பதை நெவர் என்று வையுங்கள்.

--வெனிலா என்று ஒன்றும் உண்டு. அது வொர்க்ஸ்பேஸை மட்டுமல்ல, ஆர் தொடங்கும்போது தானாக ஓட்டும் ஆர்புரொஃபைல் என்ற ஃபைல், சூழல் அமைப்புகள் எதையும் படிக்காது. முடிவில் சேமிக்கவும் செய்யாது. ஏதோ விசித்திரமாக நடக்கிறது, காரணம் புரியவில்லை என்றால் முதலில் வெனிலாவில் ஓட்டிப் பாருங்கள்.

லோட் செய்யும் ஒரு காரியம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லோட் கட்டளை ஆப்ஜெக்ட்களை அவற்றின் பழைய பெயரிலேயே கொண்டுவந்து போடும். அதே பெயரில் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால், சொல்லாமல் அழித்து அதன் இடத்தில் பழையதை வைத்துவிடும். பக்கத்து வீட்டு மளிகைப் பையை நம் வீட்டு டப்பாக்களில் கொட்டிக்கொள்வது மாதிரி: எது நம்முடையது, எது அவர்களுடையது என்று பிறகு பிரிக்க முடியாது.

அதனால் பிறர் கொடுத்த ஃபைலை நேராகத் திறக்காதீர்கள். தனியே ஒரு சூழலை, அதாவது ஆப்ஜெக்ட்களுக்கான தனிப் பெட்டியை உண்டாக்கி அதற்குள் திறவுங்கள்:

> பெட்டி <- நியூ.என்வ்()
> லோட்("பழையது.ஆர்டேட்டா", என்விர் = பெட்டி)
> எல்எஸ்(பெட்டி)
> பழையவார்டு <- பெட்டி$வார்டு

உள்ளே நூறு ஆப்ஜெக்ட் இருந்தாலும் உங்களுக்கு வேண்டியதை மட்டும், நீங்கள் வைக்கும் பெயரில் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த நான்கு வரியும் கைப்பழக்கம் ஆகிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அட்டாச்("பழையது.ஆர்டேட்டா") என்றும் ஒரு வழி உண்டு. அது எதையும் அழிக்காது. பெயர்களை ஆர் தேடும் வரிசையில் உங்கள் வொர்க்ஸ்பேஸுக்கு அடுத்த இடத்தில் வைக்கும். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் உங்களுடையதுதான் முன்னால் வரும். எட்டிப் பார்ப்பதற்கு நல்லது. ஆனால் ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பது சீக்கிரமே மறந்துபோகும்.

ஒரே ஒரு அட்டவணையைத்தான் சேமிக்க வேண்டும் என்றால் ஆர்டேட்டாவே தேவையில்லை. சேவ்ஆர்டிஎஸ் கட்டளையால் சேமித்து, புதியவார்டு <- ரீட்ஆர்டிஎஸ்("வார்டு.ஆர்டிஎஸ்") என்று திறக்கலாம். பெயரை அம்புக்குறிக்கு இடப்பக்கம் நீங்களே வைப்பதால் எதுவும் தெரியாமல் அழியாது. நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். ஒரு எச்சரிக்கை: ஆர்டிஎஸ் ஃபைலை லோட் கொண்டு திறக்க முயன்றால், மேஜிக் நம்பர் சரியில்லை, ஃபைல் கெட்டிருக்கலாம் என்று எரர் வரும். ஃபைல் கெடவில்லை, திறக்கும் கட்டளைதான் மாறிவிட்டது.

ஒரே வரியில் திறக்க வேண்டுமா?

தினமும் பத்து ஃபைலை மாற்றி மாற்றித் திறக்கிறவர்களுக்கு டெர்மினல் வரியிலேயே பெயர் கொடுக்கும் வசதி வேண்டும்தான். ஆர் -இ என்று போட்டு லோட் வரியைக் கொடுத்தால் அந்த வரியை ஓட்டிவிட்டு ஆர் உடனே மூடிக்கொள்ளும். உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. அதற்கு ஃபோல்டரில் '.ஆர்புரொஃபைல்' என்ற ஃபைலில் இதை எழுதி வையுங்கள்:

இஃப் (இன்டராக்டிவ்()) {
  ஃபைல்கள் <- கமாண்ட்ஆர்க்ஸ்(ட்ரெயிலிங்ஒன்லி = ட்ரூ)
  ஃபார் (ஒன்று இன் ஃபைல்கள்) லோட்(ஒன்று, வெர்போஸ் = ட்ரூ)
}

கமாண்ட்ஆர்க்ஸில் ஆர்க்ஸின் முதல் எழுத்தும், ட்ரெயிலிங்ஒன்லியில் ஒன்லியின் முதல் எழுத்தும் பெரியவை. இனி டாலர் வரியில்:

$ ஆர் --நோ-ரெஸ்டோர் --ஆர்க்ஸ் மழை.ஆர்டேட்டா

ஆர்க்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை ஆர் தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும். அதை எடுத்துத் திறப்பது மேலே எழுதிய வரிகளின் வேலை. நீங்கள் நேரில் தட்டி வேலை செய்கிறீர்களா என்று பார்க்கும் இன்டராக்டிவ் என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள். ஸ்கிரிப்டை நேராக ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் என்ற கட்டளை வழியாக ஓடும் ஸ்கிரிப்டுகளும் இதே ஆர்புரொஃபைலைப் படிக்கும். சோதனை இல்லாவிட்டால் அவற்றுக்குக் கொடுத்த சிஎஸ்வி ஃபைலையும் லோட் திறக்கப் பார்த்து எரரில் நின்றுவிடும்.

இங்கும் நோ-ரெஸ்டோர் ஏன் என்றால், ஆர் தொடங்கும் வரிசை அப்படி. முதலில் சூழல் அமைப்புகள், பிறகு சர்வருக்குப் பொதுவான புரொஃபைல், அதன்பின் உங்கள் ஆர்புரொஃபைல், அதற்கும் பின்னால்தான் .ஆர்டேட்டா. நீங்கள் பெயர் சொல்லித் திறந்த ஃபைலின் மேல், அதற்குப் பின் தானாக வரும் பழைய ஃபைல் வந்து ஏறிக்கொள்ளும். ஃபோல்டரில் ஆர்புரொஃபைல் இருந்தால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதை ஆர் படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வழியில் வெனிலாவைப் போடாதீர்கள், ஆர்புரொஃபைலே ஓடாது.

ஸ்கிரிப்டாக ஓட்டும்போது

'எனக்கு ஓடுது, அவங்களுக்கு ஓடலை' என்ற சண்டைக்கு மூலம் இங்கேதான் பல முறை இருக்கிறது. ஸ்கிரிப்டை ஓட்ட இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஆர்ஸ்கிரிப்ட் என்பது எப்போதுமே நோ-ரெஸ்டோரோடு ஓடும்; .ஆர்டேட்டா பக்கத்திலேயே இருந்தாலும் தொடாது. ஆர் சிஎம்டி பேட்ச் என்ற பழைய வழி நேரெதிர்: தொடங்கும்போது .ஆர்டேட்டாவை மீட்கும், முடியும்போது அதன் மேலேயே மீண்டும் சேமிக்கும். ஆகவே ஒரே ஸ்கிரிப்ட் ஒருவரிடம் ஒழுங்காக ஓடும். இன்னொருவரிடம் ஆப்ஜெக்ட் இல்லை என்று நிற்கும். பேட்சைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் --நோ-ரெஸ்டோர் --நோ-சேவ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஸ்கிரிப்டுக்கு வொர்க்ஸ்பேஸ் தேவையென்றால் அதை ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே கேளுங்கள்:

கொடுத்தது <- கமாண்ட்ஆர்க்ஸ்(ட்ரெயிலிங்ஒன்லி = ட்ரூ)
ஸ்டாப்இஃப்நாட்(லெங்த்(கொடுத்தது) == 1, ஃபைல்.எக்ஸிஸ்ட்ஸ்(கொடுத்தது))
லோட்(கொடுத்தது, வெர்போஸ் = ட்ரூ)

ஓட்டுவது:

$ ஆர்ஸ்கிரிப்ட் கணக்கு.ஆர் மழை.ஆர்டேட்டா

எந்த ஃபைலிலிருந்து எந்த விடை வந்தது என்பது டெர்மினல் வரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்ல முடியும்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸின் கிரான் வசதியை வைத்து இரவில் தானாக ஓட வைத்தால் முழுப் பாதைகளைக் கொடுங்கள். கிரான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் நின்று ஓடும். நீங்கள் பகலில் நின்ற புராஜெக்ட் ஃபோல்டர் அதற்குத் தெரியாது.

திறந்தும் வேலை செய்யாதபோது

வொர்க்ஸ்பேஸில் ஆப்ஜெக்ட்கள் மட்டுமே இருக்கும். நீங்கள் லைப்ரரி கட்டளை போட்டு ஏற்றிய பேக்கேஜ்கள் (கூடுதல் ஃபங்க்ஷன்களின் தொகுப்புகள்) இருக்காது. ஃபங்க்ஷனைக் காணோம் என்று எரர் வந்தால் லைப்ரரி வரிகளை மறுபடி ஓட்டுங்கள். டேட்டாபேஸ் இணைப்புகள் பெயரளவில் திரும்பி வரும், உயிர் இருக்காது. புதிதாக இணைக்க வேண்டும்.

ஆர் தொடங்கவே மறுத்து, .ஆர்டேட்டாவை மீட்க முடியவில்லை என்று மூடிக்கொண்டால், பயப்பட வேண்டாம். அந்த ஃபைல் பாதியில் அறுந்திருக்கலாம்; சர்வரில் இடம் தீர்ந்தபோது சேமித்தால் இப்படி ஆகும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வையுங்கள்:

$ எம்வி .ஆர்டேட்டா கெட்டது.ஆர்டேட்டா

ஆர் தொடங்கிவிடும். தொடங்கவே வெகு நேரம் ஆகிறதென்றாலும் இந்த மறைந்த ஃபைலைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். சேமிக்கும்போது ஆர் சுருக்கித்தான் வைக்கிறது. வட்டில் சின்னதாகத் தெரிவது நினைவகத்தில் பல மடங்கு விரியலாம். பொதுச் சர்வரில் அது மற்றவர்களின் வேலையையும் இழுத்துப் பிடிக்கும்.

பதிப்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2018-இல் வந்த ஆர் 3.5.0 புதிய சேமிப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு வந்த 3.6.0 முதல் அதுவே இயல்பான வடிவம். 3.5.0-க்கு முந்தைய ஆர் அதைப் படிக்காது; வொர்க்ஸ்பேஸ் பதிப்பு 3 என்று குறிப்பிட்டு எரர் தரும். சில அலுவலகங்களில் பழைய சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே அனுப்பும் ஃபைலை இப்படிச் சேமியுங்கள்:

> சேவ்(மழை, வார்டு, ஃபைல் = "மழை.ஆர்டேட்டா", வெர்ஷன் = 2)

முன்பின் தெரியாதவர்கள் தந்த ஃபைலை வேலை செய்யும் சர்வரில் திறக்காதீர்கள். .ஆர்டேட்டாவுக்குள் '.ஃபர்ஸ்ட்' என்ற ஃபங்க்ஷன் இருந்தால், ஆர் தொடங்கும்போது அது தானாக ஓடும். 2024-இல் சிவிஇ-2024-27322 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது: சூழ்ச்சியாகச் செய்த ஆர்டிஎஸ் ஃபைலைத் திறந்து பயன்படுத்தினாலே பிறர் எழுதிய நிரல் ஓடக்கூடும். ஆர் 4.4.0-இல் அதை அடைத்தார்கள். உங்கள் சர்வரில் ஆர் --வெர்ஷன் தட்டிப் பாருங்கள். அதைவிடப் பழையதென்றால் நிர்வாகியிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு

விண்டோஸில் ஆர்டேட்டா ஃபைலின் மேல் இரண்டு முறை அழுத்தினால் ஆர் திறக்கும், அந்த ஃபோல்டரையே தன் ஃபோல்டராக வைத்துக்கொள்ளும். டெர்மினலில் செய்வதானால் இரண்டைக் கவனியுங்கள். விண்டோஸின் டெர்மினலான பவர்ஷெல்லில் வெறும் ஆர் என்று தட்டினால் ஆர் மொழி வராது. பழைய கட்டளையைத் திரும்ப ஓட்டும் பவர்ஷெல்லின் சுருக்கப் பெயர் அது. ஆர்.இஎக்ஸ்இ என்று முழுதாகத் தட்டுங்கள். அப்போதும் காணோம் என்றால் ஆர் நிறுவிய ஃபோல்டருக்குள் இருக்கும் 'பின்' (bin) என்ற ஃபோல்டரை, விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் பாத் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, பாதை எழுதும்போது விண்டோஸின் இடப்பக்கம் சாய்ந்த கோட்டை லோட் வரிக்குள் அப்படியே ஒட்டினால் எரர் வரும். வலப்பக்கம் சாய்ந்த கோடாக மாற்றுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் போடுங்கள்.